பாவித்த பிஎஸ்4, எக்ஸ்பொக்ஸ் வன், வீ யூ: மலிவாக வருவது ஏன் மலிவு, வன்னியில் எதை வாங்கலாம்

கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ பிள்ளைகளுக்கு ஒரு கேம் பெட்டி வாங்க யோசிப்பவருக்குக் கைக்கெட்டும் விலையில் வருபவை பெரும்பாலும் மூன்று. மூன்றும் பாவித்தவை. சொனியின் பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4), பழசானாலும் விலையை விட்டுக்கொடுக்காது. மைக்ரோசொப்டின் எக்ஸ்பொக்ஸ் வன், அதைவிடக் குறைவாகப் பேசி எடுக்கலாம். நின்டெண்டோவின் வீ யூ, கனடாவில் இருந்து விடுமுறைக்கு வரும் மாமாவின் சூட்கேசுக்குள் சும்மாவே வந்து சேர்ந்துவிடும்.

மூன்றும் ஒரே காலத்துச் சாமான்கள். வீ யூ 2012 நவம்பரில் வந்தது. பிஎஸ்4 2013 நவம்பர் 15ஆம் திகதியும் எக்ஸ்பொக்ஸ் வன் அதற்கு ஒரு கிழமை கழித்தும் அமெரிக்காவில் இறங்கின. (கிளிநொச்சிக்கு ரயில் திரும்பி வந்ததும் அதே 2013 செப்டெம்பரில்தான்.) பிறகு நடந்தது ஒருதலைப்பட்சமான ஓட்டம். பிஎஸ்4 117 மில்லியனுக்கு மேல் விற்றது. வீ யூவின் மொத்தக் கணக்கு 13.56 மில்லியன். மைக்ரோசொப்ட் 2015இலேயே எண்ணிக்கை சொல்வதை நிறுத்திவிட்டது. 2022இல் பிரேசிலின் போட்டி ஆணையத்துக்குக் கொடுத்த ஆவணத்தில், சொனி தங்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் விற்றதாக ஒப்புக்கொண்டது.

சந்தையில் தோற்ற பெட்டி பாவித்த சந்தையில் மலிவாக வரும். அந்த மலிவு உங்களுக்கு இலாபமா நட்டமா என்பது, அதைத் தோற்கடித்த காரணம் இன்னும் அந்தப் பெட்டிக்குள் குந்தியிருக்கிறதா, அன்றைய விற்பனையோடு தொலைந்து போனதா என்பதைப் பொறுத்தது. எக்ஸ்பொக்ஸ் வன்னைத் தோற்கடித்தவற்றில் பெரும்பகுதி தொலைந்துவிட்டது. வீ யூவைத் தோற்கடித்தவை அப்படியே இருக்கின்றன. வன்னியில் அவை இன்னும் மோசமாகக் கடிக்கும்.

எக்ஸ்பொக்ஸ் வன்: வாயால் கெட்டது

எக்ஸ்பொக்ஸ் வன் தோற்கத் தொடங்கியது கடைக்கு வரும் முன்பே. 2013 மே 21இல் மைக்ரோசொப்ட் அதை அறிமுகப்படுத்திய நிகழ்ச்சியில் விளையாட்டைவிடத் தொலைக்காட்சி பார்ப்பது பற்றிய பேச்சுத்தான் தூக்கலாக இருந்தது. அடுத்து வந்த விளக்கங்கள் இன்னும் மோசம். பெட்டி 24 மணித்தியாலத்துக்கு ஒருமுறையாவது இணையத்தோடு தொடர்புகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கேம் ஓடாது. பாவித்த டிஸ்க்கை விற்பதற்கும் கைமாற்றுவதற்கும் கட்டுப்பாடு. அதோடு, முதலில் ஆதரவு தரும் நாடுகள் என்று 21 நாடுகளின் பட்டியல். கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ், நோர்வே என்று எங்கள் ஆட்கள் போய்க் குடியேறிய நாடுகளெல்லாம் அதில் இருந்தன. இலங்கை இல்லை. இந்தியாவும் இல்லை. ஒஸ்லோவில் இருக்கும் அண்ணன் வாங்கி அனுப்பினாலும் மாங்குளத்தில் இருக்கும் தம்பிக்கு அது அன்றைய விதிப்படி ஓடாத பெட்டி.

இணையம் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்டபோது, அப்போது எக்ஸ்பொக்ஸ் பிரிவுக்குத் தலைவராக இருந்த டொன் மாட்ரிக், அவர்களுக்கு முந்தைய பெட்டியான எக்ஸ்பொக்ஸ் 360 இருக்கிறது என்ற மாதிரிப் பதில் சொன்னார். வாடிக்கையாளரைப் போட்டிக்காரரின் கடை வாசலுக்கு அழைத்துக்கொண்டுபோய் விட்ட பதில் அது. அந்த வருடம் ஜூனில் சொனி மேடையேறி, பாவித்த டிஸ்க்குக்குத் தடை இல்லை, இணையம் கட்டாயம் இல்லை, விலை 399 டொலர் என்றது. எக்ஸ்பொக்ஸின் விலை 499. பிஎஸ்4இல் டிஸ்க்கை எப்படிப் பகிர்வது என்று சொனி 22 செக்கன் வீடியோ ஒன்றும் விட்டது: ஒருவர் டிஸ்க்கை நீட்டுகிறார், மற்றவர் வாங்குகிறார். அவ்வளவுதான்.

மைக்ரோசொப்ட் ஜூன் 19இல் அந்த விதிகளை முழுதாகக் கைவிட்டது. பெயர் கெட்டது கெட்டதுதான். மேலதிக 100 டொலருக்குக் காரணம் உடல் அசைவைப் பிடிக்கும் கினெக்ட் கமரா; வேண்டாம் என்றாலும் சேர்த்தே வாங்க வேண்டியிருந்தது. அந்தக் கமராவுக்கென்று கிராபிக்ஸ் பலத்தில் ஒரு பங்கும் ஒதுக்கப்பட்டிருந்தது. உள்ளே இருந்த நினைவகமும் மெதுவான வகை: பிஎஸ்4இல் 8 ஜிபியும் வேகமான ஜிடிடிஆர்5, எக்ஸ்பொக்ஸில் 8 ஜிபி டிடிஆர்3ஓடு ஒட்டாக 32 எம்பி வேக நினைவகம். கேம் எழுதுபவர்களுக்கு அந்த 32 எம்பிக்குள் எதைத் திணிப்பது என்பதே தலையிடி. வெளியீட்டு நேரத்தில் கோல் ஒஃப் டியூட்டி கோஸ்ட்ஸ் என்ற கேம் பிஎஸ்4இல் 1080பி என்ற கூடிய படத் தெளிவிலும் எக்ஸ்பொக்ஸ் வன்னில் அதைவிடக் குறைந்த 720பியிலும் ஓடியது. கூடக் காசு கொடுத்துக் குறைந்த படம் வாங்க யாருக்கு விருப்பம்? 2014 ஜூனில் கினெக்ட் இல்லாமல் 399க்கு இறக்கினார்கள். அதற்குள் நண்பர்கள் எல்லோரும் பிஎஸ்4 வாங்கி முடித்திருந்தார்கள். நண்பர் எதில் விளையாடுகிறாரோ அதைத்தான் அடுத்தவரும் வாங்குவார்.

இதில் இன்று என்ன மிச்சம்? 24 மணித்தியால விதி பிறக்கும் முன்பே செத்தது. கினெக்ட் இல்லாமல் பெட்டி ஒழுங்காக ஓடும். விற்பவர் கினெக்ட்டைக் காட்டி விலை கூட்டினால் வேண்டாம் என்று சொல்லலாம். படத்தின் வித்தியாசமும் இங்கே பெரிய விடயமில்லை. பெரும்பாலான வீடுகளில் இருப்பது 32 அங்குல ரீவி. அவற்றில் பலவற்றின் திரையே 1366க்கு 768 புள்ளிகள்தான். 1080பியை அனுப்பினாலும் ரீவி சுருக்கித்தான் காட்டும். கேம்களிலும் இழப்பில்லை. உதைபந்தாட்டத்தில் பீஃபா வரிசையும் பிறகு வந்த எஃப்சி வரிசையும், கிரிக்கெட்டில் டொன் பிரட்மன் கிரிக்கெட் 17, ஆஷஸ் கிரிக்கெட், கிரிக்கெட் 19, கிரிக்கெட் 22 எல்லாமே இரண்டுக்கும் உண்டு.

மிச்சம் இருப்பது இரண்டு. முதலாவது, ஃபக்டரி ரீசெட் செய்த எக்ஸ்பொக்ஸ் வன் இணையம் இல்லாமல் செட்டப்பை முடிக்காது. விற்பவர் நல்ல மனதோடு எல்லாவற்றையும் அழித்துத் தந்தால், வீட்டுக்குக் கொண்டுபோய் ரீவியில் கொளுவியதும் அது வைஃபை கேட்டு நிற்கும். அப்டேட்டையும் இறக்கும்படி கேட்கும். போன் ஹொட்ஸ்பொட்டில் செய்யலாம். சிக்னல் இரண்டு கோடு காட்டும் துணுக்காய்ப் பக்கத்து ஊரில் அது ஒரு இரவு வேலை. ஆகவே கிளிநொச்சி அல்லது வவுனியாவில், நல்ல இணைப்பு உள்ள இடத்தில் வைத்தே உங்கள் கணக்கைப் போட்டு, அப்டேட்டை முடித்து, செட்டிங்கில் அந்தப் பெட்டியை உங்கள் 'ஹோம் எக்ஸ்பொக்ஸ்' ஆக்கிவிட்டுக் கொண்டுபோங்கள். அதற்குப் பிறகு டிஸ்க் கேம்களை இணையம் இல்லாமலே விளையாடலாம்.

இரண்டாவது, குறைவாக விற்றதால் வந்த வினை. டிஸ்க் மாற்றிக்கொள்ள அக்கம்பக்கத்தில் ஆள் கிடைப்பது அரிது. திருத்தும் கடையில் பிஎஸ்4இன் எச்டிஎம்ஐ சொக்கெட் (ரீவி வயர் கொளுவும் வாய்) கையிருப்பில் இருக்கும். எக்ஸ்பொக்ஸினுடையதைக் கொழும்பில் சொல்லி எடுப்பிக்க வேண்டியிருக்கும். டிஸ்க் டிரைவ் பழுதானால் இன்னொரு சிக்கல் உண்டு. எக்ஸ்பொக்ஸ் வன்னில் டிரைவின் சர்க்கிட் பலகை அந்தந்தப் பெட்டியின் மதர்போர்ட்டோடு பூட்டப்பட்டிருக்கும். வேறு பெட்டியில் கழற்றிய டிரைவைப் போட்டால் கேம் டிஸ்க்கை வாசிக்காது. பழைய பலகையைக் கழற்றிப் புது டிரைவில் பொருத்த வேண்டும். இது தெரியாத திருத்துபவர் டிரைவை மாற்றிவிட்டு, மதர்போர்ட் போய்விட்டது என்று கைவிரிப்பார்.

வாங்குவதானால் எக்ஸ்பொக்ஸ் வன் எஸ் மொடலைத் தேடுங்கள். 2016இல் வந்த வெள்ளைப் பெட்டி. முதல் மொடலின் செங்கல் போன்ற வெளி அடப்டர் இதில் இல்லை; பவர் சப்ளை உள்ளேயே இருக்கிறது. முதல் மொடலில் அடிக்கடி போவது அந்த வெளி அடப்டர்தான். பெட்டி என்னவோ உறுதியானது, பெரிய விசிறி வைத்தது, இலகுவில் சூடாகாது. ஒரு பொறி மட்டும் உண்டு: வன் எஸ் போலவே தோற்றமுள்ள, டிஸ்க் வாயே இல்லாத 'ஓல் டிஜிட்டல்' மொடல் 2019இல் வந்தது. முன்பக்கத்தில் டிஸ்க் போடும் கீறல் இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 50 ஜிபி கேம் ஒன்றை 10 எம்பிபிஎஸ் இணைப்பில் இறக்க, வேகம் குறையாமல் வந்தாலே 11 மணித்தியாலம் ஆகும். இரவு டேட்டா உள்ள பக்கேஜ் இருந்தாலும் இரண்டு கேமோடு மாதக் கணக்கு முடிந்துவிடும்.

இதே காரணத்தால், டிஸ்க் வாய் இல்லாத புதிய எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எஸ்ஸையும் ஃபைபர் இல்லாத வீட்டுக்குச் சொல்லமாட்டோம்.

வீ யூ: கையில் பிடிக்கும் திரையே வினையானது

வீ யூவின் கதை வேறு. அதற்கு முந்தைய பெட்டியான வீ 101 மில்லியன் விற்றது. அதன் வாரிசை 2011 ஜூனில் காட்டும்போது நின்டெண்டோ கையில் பிடிக்கும் கேம்பேட்டை மட்டுமே முன்னுக்குக் காட்டியது. பெயரும் கிட்டத்தட்ட அதே பெயர். இது புதுப் பெட்டியா, வீட்டில் இருக்கும் வீக்குப் புதுக் கொன்ட்ரோலரா என்று கடைக்காரருக்கே விளங்கவில்லை. விலை 299 டொலர், 32 ஜிபி உள்ளது 349. அந்த விலையில் கணிசமான பங்கு 6.2 அங்குலத் தொடுதிரை உள்ள கேம்பேட்டுக்குப் போனது. மிச்சக் காசில் பெட்டிக்குள் போட முடிந்தது 2 ஜிபி நினைவகமும் பலம் குறைந்த புரோசசரும்தான். ஒரு வருடத்தில் 8 ஜிபி நினைவகத்தோடு பிஎஸ்4 வந்தபோது, அதற்கு எழுதிய கேமை வீ யூவுக்குள் அடக்க வழியில்லை.

வெளி நிறுவனங்கள் கழன்றன. பீஃபா வரிசையை வெளியிட்ட ஈஏ நிறுவனம் முதலில் நின்டெண்டோ மேடையிலேயே ஏறி இதுவரை இல்லாத கூட்டு என்று அறிவித்துவிட்டு, உதைபந்தாட்டத்தைப் பீஃபா 13ஓடு நிறுத்திக்கொண்டது. பழைய வீக்கோ பீஃபா 15 வரை வந்தது! அதாவது புதிய பெட்டியைவிட அது மாற்ற வந்த பழைய பெட்டிக்கு இரண்டு வருடம் கூடுதலாகப் பந்து உதைக்கக் கிடைத்தது. வீ யூவின் எண்ணிக்கை அந்த அளவுக்குச் சிறியது. 2014 மார்ச்சோடு முடியும் நிதியாண்டில் 90 இலட்சம் விற்போம் என்று சொன்ன நின்டெண்டோ, அந்த ஜனவரியில் அதை 28 இலட்சமாகக் குறைத்தது. அப்போதைய தலைவர் சதோரு இவாட்டா தன் சம்பளத்தைப் பாதியாக வெட்டிக்கொண்டார்.

கேம்கள் மோசமில்லை என்பதற்கு நல்ல சாட்சி மாரியோ கார்ட் 8. 2014இல் வீ யூவில் வந்து 8.46 மில்லியன் விற்றது. அதையே கொஞ்சம் மெருகேற்றி 2017இல் நின்டெண்டோவின் அடுத்த பெட்டியான சுவிட்ச்சில் போட்டபோது 60 மில்லியனைத் தாண்டியது. பெட்டிதான் தடையாக இருந்தது.

இனி அந்தப் பெட்டி பரந்தனில் ஒரு வீட்டுக்கு வருகிறது என்று வைப்போம். முதலில் அடப்டரைப் புரட்டி அடியில் உள்ள எழுத்தை வாசியுங்கள். கனடா, அமெரிக்கப் பெட்டியென்றால் 'இன்புட் 120 வோல்ட்' என்று இருக்கும். எங்கள் சுவரில் வருவது 230. பின்னை மாற்றும் சின்னப் பிளக்கைக் கொளுவிச் செருகினால் அடப்டர் அந்த நிமிடமே போய்விடும். வீ யூவுக்கு அடப்டர்கள் இரண்டு: பெட்டிக்கு 15 வோல்ட் 5 அம்பியர் வெளியீடு, கேம்பேட்டுக்கு 4.75 வோல்ட் 1.6 அம்பியர். இரண்டையுமே மாற்ற வேண்டும், அல்லது 110 வோல்ட்டுக்கு இறக்கும் டிரான்ஸ்போமர் ஒன்று போட வேண்டும். டிரான்ஸ்போமர் வாங்கினால் பெட்டியின் 75 வாட்டும் கேம்பேட் சார்ஜும் தாங்கும்படி 150 வாட்டுக்குக் குறையாமல் பாருங்கள். லண்டனில் இருந்தோ பாரிசில் இருந்தோ வந்ததற்கு இந்தத் தலையிடி இல்லை.

அடுத்தது பிராந்தியப் பூட்டு. கனடாப் பெட்டி அமெரிக்கப் பிராந்திய டிஸ்க்கை மட்டுமே வாசிக்கும். லண்டன் சித்தி அனுப்பும் டிஸ்க் அதில் ஓடாது. பிஎஸ்4, எக்ஸ்பொக்ஸ் வன் இரண்டிலும் டிஸ்க்குக்கு இந்தப் பூட்டு இல்லை. எங்கிருந்து வந்தாலும் ஓடும். நான்கு நாட்டில் உறவினர் உள்ள குடும்பங்களுக்கு இது சின்ன விடயமில்லை.

மூன்றாவது கேம்பேட். அதுதான் வீ யூவின் முகம், அதுதான் அதன் கண்டமும். பெட்டியின் செட்டிங்குகளுக்குள் போக அது கட்டாயம் வேண்டும். தொலைந்தாலோ திரை உடைந்தாலோ தனியாகப் புதிதாக வாங்கவும் முடியாது. நின்டெண்டோ அதைப் பெரும்பாலான நாடுகளில் தனியாக விற்கவே இல்லை. பாவித்த இன்னொன்றைத் தேடினால் அதுவும் அதே பிராந்தியத்ததாக இருக்க வேண்டும். கனடாப் பெட்டிக்கு ஐரோப்பிய கேம்பேட் சேராது. உள்ளே 1500 எம்ஏஎச் பற்றரி, புதிதாக இருந்தபோதே 3 முதல் 5 மணித்தியாலம். பத்து வருடத்துக்கு மேல் பழசானதில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

நான்காவது, வெளியில் இருந்து இனி எதுவும் வராது. நின்டெண்டோவின் இணையக் கடை வீ யூவுக்கு 2023 மார்ச்சில் மூடப்பட்டது. இணைய விளையாட்டுச் சேவை 2024 ஏப்ரல் 8இல் நின்றது. டிஸ்க்கில் இருப்பதுதான் கேம். கிரிக்கெட் ஒன்றுகூட இல்லை. ஆஷஸ் கிரிக்கெட் 2013 வீ யூவுக்கு வருவதாக இருந்தது. அது கணினியில் வெளியாகிச் சில நாட்களுக்குள்ளேயே மீளப் பெறப்பட்டு, கொன்சோல் பதிப்புகள் எல்லாம் இரத்தாகிவிட்டன. வன்னியில் ஒரு பொடியனிடம் கிரிக்கெட்டும் இல்லாத, பந்து பீஃபா 13ஓடு நின்றுபோன பெட்டியைக் கொடுத்தால் எத்தனை நாள் மேசையில் இருக்கும் என்று பெற்றோரே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு நல்ல பக்கம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். வீ யூ விளையாடும்போது எடுப்பது 35 வாட் அளவு கரண்ட்தான். பல கேம்களை ரீவியே இல்லாமல் கேம்பேட் திரையில் ஓட்டலாம். சூரிய ஒளி பனலும் சின்ன இன்வேர்ட்டரும் மட்டும் உள்ள வயல் வீட்டில், ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் இருவர் மாரியோ கார்ட் ஓட்ட, இந்த மூன்றில் இதைவிடச் சிக்கனமான பெட்டி கிடையாது. சும்மா வந்தால், கேம்பேட்டும் நல்ல நிலையில் இருந்தால், வைத்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

பிஎஸ்4: வென்றதற்குக் காரணம் வன்னிக்கும் பொருந்துகிறது

பிஎஸ்4 வென்றதில் பெரிய புதுமை எதுவும் இல்லை. டிஸ்க்கைப் போடு, ஓடும். நண்பனிடம் கொடு, அங்கேயும் ஓடும். மைக்ரோசொப்ட் 2013இல் கழற்ற நினைத்த அதே விடயங்கள்தான் டேட்டா குறைந்த ஊரில் இன்றும் வேண்டும். இணையமே இல்லாமல் முதல் செட்டப்பை முடிக்கலாம். கணக்கு எதுவும் திறக்காமல் டிஸ்க் கேம் விளையாடலாம். சிஸ்டம் அப்டேட்டை யூஎஸ்பி பென்னில் கொண்டுவந்து போடலாம். கணக்குத் திறந்தால் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: சொனியின் நாடுகள் பட்டியலில் இலங்கை இல்லை. ஏதாவது ஒரு நாட்டைத் தெரிய வேண்டியிருக்கும். உங்களுக்கு டிஸ்க்குகள் பெரும்பாலும் எந்தப் பிராந்தியத்தில் இருந்து வருமோ அதைத் தெரியுங்கள். டிஸ்க் எங்கிருந்து வந்தாலும் ஓடினாலும், அதற்கான மேலதிகப் பகுதிகள் டிஸ்க்கின் பிராந்தியமும் கணக்கின் பிராந்தியமும் ஒத்தால்தான் சேரும். லண்டன் டிஸ்க்குக்கு அமெரிக்கக் கணக்கில் வாங்கிய மேலதிகம் வீண் காசு.

மொடல்களில் எங்கள் தெரிவு 2016இல் வந்த சிலிம். பின் ஸ்டிக்கரில் மொடல் இலக்கம் சியூஎச் 2 என்று தொடங்கும். விளையாடும்போது 80, 90 வாட் அளவு எடுக்கும். முதல் பெரிய மொடல் 140 வாட் வரை போகும், சத்தமும் கூட.

வன்னியில் பிஎஸ்4ஐக் கொல்வது புழுதியும் சூடும். ஏ9 ஓரத்துக் கடைகளிலும் செம்மண் ஒழுங்கை வீடுகளிலும் காற்றில் வரும் நுண்ணிய தூள், வெப்பத்தை வெளியேற்றும் தகடுகளுக்கு நடுவே படலமாக இறுகிவிடும். அடையாளம்: கேம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் விசிறி இரைச்சல், பிறகு அதிக சூடு என்று எச்சரித்துவிட்டு அணைதல். திறந்து துப்புரவாக்க, நடுவில் துளை உள்ள டி8 டொர்க்ஸ் ஸ்குரூடிரைவர் வேண்டும். சாதாரண டி8 இறங்காது. புளோவரால் ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டுப்பாடில்லாமல் சுழலவிட்டால் பெயரிங் போகும். சிப்பின் மேல் காய்ந்த தேர்மல் பேஸ்ட்டையும் அதே தடவையில் துடைத்து மாற்றிவிட வேண்டும். ரீவி ஸ்டாண்டின் அடித்தட்டில், நிலத்தோடு சேர்த்து வைப்பதைத் தவிர்த்தாலே பாதிப் புழுதி குறையும்.

அடுத்து எச்டிஎம்ஐ சொக்கெட். பொடியள் வயரை இழுத்து இழுத்து உள்ளே உள்ள பின்கள் வளைந்துவிடும். வாங்கும்போது போன் லைட்டை அடித்துச் சொக்கெட்டுக்குள் பாருங்கள். பின்கள் நேர் வரிசையில் இருக்க வேண்டும். பிறகு வயரை மெல்ல அசையுங்கள், படம் வெட்டக்கூடாது. பெட்டி ஓடுகிறது, படம் மட்டும் இல்லை என்றால் சொக்கெட் அல்லது அதன் பின்னால் உள்ள எச்டிஎம்ஐ சிப். சொக்கெட் மாற்றுவது ஹொட் எயார் வைத்திருக்கும் போன் திருத்துபவருக்கே முடியும். சிப் என்றால் ஆளைப் பார்த்துக் கொடுங்கள்.

உள்ளே மணிக்கூட்டுக்கு ஒரு சிறு பற்றரி இருக்கிறது. அது செத்தால் இணையம் இல்லாத பிஎஸ்4இல் கேமே ஓடாமல் போகும் ஆபத்து ஒருகாலத்தில் இருந்தது. 2021 செப்டெம்பரில் வந்த 9.00 அப்டேட் அதைத் தீர்த்தது. ஆகவே வாங்கும்போது செட்டிங்கில் சிஸ்டம் சொஃப்ட்வெயர் இலக்கத்தைப் பாருங்கள், 9.00க்குக் கீழே என்றால் அப்டேட் செய்துவிட்டு வையுங்கள்.

ஹார்ட் டிஸ்க் போவதுதான் அடிக்கடி நடப்பது, அதுவே இலகுவாகத் தீர்வதும். மின்வெட்டு வரும்போது கேம் சேமித்துக்கொண்டிருந்தால் டிஸ்க்கில் பழுது ஏறும். பிறகு மெனுவே நகராது. சிலிம்மில் பின் மூலை மூடியை இழுத்துக் கழற்றி, ஒரு ஸ்குரூவை எடுத்தால் ஹார்ட் டிஸ்க் தட்டோடு வெளியே வரும். தட்டில் நாலு ஸ்குரூ. லப்டொப்பில் போடும் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்றை அதில் பூட்டலாம். பிறகு சிஸ்டத்தை மறுபடி ஏற்ற வேண்டும். எக்ஸ்ஃபட் அல்லது ஃபட்32 இல் ஃபோமட் செய்த பென்னில் பிஎஸ்4 என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் அப்டேட் என்று இன்னொன்று, இரண்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தில். அதற்குள் சொனியின் தளத்தில் இருந்து இறக்கிய கோப்பு, பெயர் மாற்றாமல். இங்கேதான் பலர் இடறுவது: சாதாரண அப்டேட் கோப்புக்கும் முழு மீள்நிறுவல் கோப்புக்கும் பெயர் ஒன்றே. புது டிஸ்க்குக்கு வேண்டியது ஏறத்தாழ 1 ஜிபி வரும் பெரியது. பவர் பட்டனை 7 செக்கன் அளவு, இரண்டாவது பீப் கேட்கும்வரை அழுத்திப் பிடித்தால் சேஃப் மோட் வரும். கொன்ட்ரோலரை வயரால் இணைத்து 7ஆவது தெரிவைக் கொடுங்கள். வயர் டேட்டா போகும் வயராக இருக்க வேண்டும். சார்ஜ் மட்டும் செய்யும் மலிவு வயரில் கொன்ட்ரோலரை அது காணாது, கொன்ட்ரோலர் பழுது என்று நினைத்து மணிக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டிவரும்.

எந்தப் பெட்டி எடுத்தாலும் ஒரு யூபிஎஸ் கட்டாயம். கணினிக் கடைகளில் விற்கும் 650 விஏ யூபிஎஸ்ஸுக்குள் பெரும்பாலும் 12 வோல்ட் 7 அம்பியர் மணி பற்றரி ஒன்றுதான் இருக்கும். 32 அங்குல ரீவி 50 வாட், பிஎஸ்4 சிலிம் 90 வாட் என்றால் 15 நிமிடம் அளவு தாக்குப்பிடிக்கும். விளையாடி முடிக்க அது போதாது. சேமித்து ஒழுங்காக அணைக்கத் தாராளம். வயல் பம்புகள் ஓடும் நேரம் வோல்டேஜ் இறங்கி ஏறும் இடங்களில், வோல்டேஜைச் சீராக்கும் ஏவிஆர் உள்ள யூபிஎஸ்தானா என்று கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக்கு ஒன்று, கடைக்கு வேறு

மணித்தியாலக் கணக்கில் காசு வாங்கும் கேம் கடை போடுபவருக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை: பிஎஸ்4 சிலிம், வேறெதுவும் வேண்டாம். வருகிற பொடியனுக்குக் கையில் பழகிய கொன்ட்ரோலர் அது. அதன் உள்பற்றரி வருடங்களில் தளரும், கடையில் வயரோடு கட்டி வைத்தால் அந்தப் பிரச்சினையும் இல்லை. முதலில் போவது இடது கட்டை விரல் ஸ்டிக். மேலதிகமாக இரண்டு கொன்ட்ரோலரை ஒதுக்கில் வைத்துக்கொண்டே கடையைத் திறங்கள். நான்கு பெட்டி என்றால் நான்கும் ஒரே மொடலாக இருக்கட்டும்; ஒன்று செத்தால் அதன் விசிறியும் பவர் சப்ளையும் மற்ற மூன்றுக்கும் உதவும்.

வீட்டுக்கென்றால் பதில் அவ்வளவு உறுதியாக இல்லை. ஒரே ஒரு பிள்ளை, ஓரளவு நல்ல இணைய இணைப்பு, டிஸ்க் மாற்றும் கூட்டாளிகள் இல்லை என்றால், எக்ஸ்பொக்ஸ் வன் எஸ் மிச்சம் பிடித்துத் தரும். கொன்ட்ரோலர் இரண்டு ஏஏ பற்றரியில் ஓடும். சார்ஜ் ஏற்றும் வகையில் நாலு வாங்கி வைத்தால் வருடக்கணக்கில் போதும். பழைய எக்ஸ்பொக்ஸ் 360 டிஸ்க்குகளில் பலவும் அதில் ஓடும், ஆனால் டிஸ்க்கைப் போட்டாலும் முழுக் கேமையும் இணையத்தில் இறக்கித்தான் ஓட்டும் என்பதை மறக்க வேண்டாம். விலை வித்தியாசம் இரண்டு டிஸ்க் வாங்கும் அளவுக்காவது இல்லையென்றால் பிஎஸ்4 பக்கமே போங்கள்.

வெளிநாட்டில் இருந்து வரும் உறவினர் என்ன கொண்டுவரட்டும் என்று கேட்டால், 'பிஎஸ்4 சிலிம், ஸ்டிக்கரில் சியூஎச் 2' என்று எழுதி அனுப்புங்கள். பெட்டியின் அடியில் 100 முதல் 240 வோல்ட் என்று இருக்கிறதா என்று ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பாவித்ததென்றால், அங்கே இணையத்தில் இருக்கும்போதே முந்தைய சொந்தக்காரரின் கணக்கில் இருந்து அதைப் 'பிரைமரி' (கணக்கின் முதன்மைப் பெட்டி) நீக்கம் செய்து, அப்டேட்டையும் முடித்துவிட்டு, உள்ளே டிஸ்க் ஏதும் இல்லை என்று பார்த்துக் கட்டட்டும். சூட்கேசின் அடியில் வேண்டாம், கைப்பையில் வரட்டும்.